இரு கோடு, நடுவில் ஒரு புள்ளி

ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. பைண்டரை அவள் முதன்முதலாகப் பார்த்த நேரம் அது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு அவளுடைய நினைவாற்றல் காரணமல்ல. அந்த நேரத்தை அவர் ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்தார். அந்தத் தாள் அவள் கைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

கல்லூரிப் பாடநூல்களை அச்சிடும் அச்சகம் அது. கீழ்த்தளத்தில் இயந்திரங்கள், அவற்றுக்குப் பின்னால் நூல் கட்டும் கூடம். மாடியில் ஒற்றைச் சன்னல் வைத்த அறையில் அவள் அமர்ந்து மெய்ப்புத் திருத்துவாள். கையில் எப்போதும் சிவப்புப் பேனா இருந்ததால் வேலையாட்கள் அவளுக்கு ‘டீச்சரம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்று காலை ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கதவருகில் வந்து நின்றார். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளைத் தோலாக உரிந்துகொண்டிருந்தது.

"டீச்சரம்மாங்கறது நீங்கதானா?"

"டீச்சரும் இல்ல, அம்மாவும் இல்ல. இங்க அப்படித்தான் கூப்பிடுறாங்க."

"என்னையும் அப்படித்தான். வாசல்ல கால வெச்சதும் பைண்டர்னுட்டாங்க. பேர் கேக்க யாருக்கும் நேரமில்ல" என்று சிரித்தபடி, திருத்தி முடித்த தாள்களை வாங்கக் கை நீட்டினார். மேல் தாளைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தாளின் இடப்பக்க அடியில் இரண்டு சிறு கோடுகளும் அவற்றின் நடுவே ஒரு புள்ளியும் இருந்தன.

"இது யாரு போட்டது?"

"நான்தான். இந்தப் பக்கத்தப் படிச்சு முடிச்சாச்சு, இனிமே இதுல கைவைக்க ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"ரொம்ப வருஷமா போடுறீங்களா?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. இங்க எட்டு வருஷம். அதுக்கு முன்னாடி கோர்ட்ல, நகல் பிரிவுல."

அவர் தலையாட்டினார். "ஒரு தடவ பாத்தா மறக்காது" என்றார். பிறகு, குப்பைக்கூடையில் கிடந்த கெட்டுப்போன மெய்ப்புத்தாள் ஒன்றைப் பசை துடைக்க எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

அவர் கதையை அச்சகம் ஒரு வாரத்திலேயே தெரிந்துகொண்டது. அவரும் எதையும் மூடி மறைக்கவில்லை. நூல் கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டது சிறையில். எட்டு ஆண்டுகள் உள்ளே இருந்தவர். அதற்கு முன் ஒரு பஞ்சுக் கிடங்கில் எடை போடும் வேலை பார்த்தார். முதலாளியோடு வாய்த்தகராறு முற்றி வேலை போன ஆறாம் நாள் பிற்பகலில் கிடங்கு பற்றி எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவல்காரர் கருகிச் செத்தார். தீப்பிடிக்கும் முன் கிடங்கின் பக்கக் கதவு வழியாக இவர் வெளியேறியதைப் பார்த்ததாக எதிர்வீட்டுத் தையற்காரப் பெண் சாட்சி சொன்னார். அந்த நேரத்தில் இவர் தம் வீட்டில் தனியாகப் படுத்துக் கிடந்ததாகச் சொன்னார். அதைச் சொல்ல நான்கு சுவர்களைத் தவிர யாருமில்லை.

அவர் சிறை புகுந்த இரண்டாம் ஆண்டில் மனைவி இறந்தார். பதினான்கு வயது மகளைத் தாய்மாமன் எடுத்து வளர்த்தார். வெளியே வந்ததும் பைண்டர் நேராக மகள் வீட்டுக்குப் போனார். அவளுக்கு மணமாகி ஒரு குழந்தையும் பிறந்திருந்தது. அவள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினாளாம்.

"நீங்க செய்யலன்னு நீங்க சொன்னாப் போதாதுப்பா. கோர்ட் சொல்லட்டும். அப்புறம் வாங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அதனால்தான் மறுவிசாரணை கேட்டு மனுப் போட முனைந்தார். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "அந்தப் பாதிக் கதவு இருக்கே, அது முழுசாத் திறக்கணும், அவ்வளவுதான்" என்பார். அதற்குப் புதிய ஆதாரம் ஒன்று வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

நூல் கட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை. பதினாறு பக்கத் தாளை எட்டாக மடித்து, வழவழப்பான மரத்துண்டால் மடிப்பைத் தேய்த்து, ஒவ்வொரு மடிப்பாகத் தைத்து முதுகில் பசை பூசினால், அந்த நூலைக் கிணற்றில் போட்டு எடுத்தாலும் ஏடு கழலாது என்பார்கள். மதிய உணவின்போது டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவார். கீழே இயந்திரச் சத்தத்தில் மென்று தின்ன முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். எதிரெதிரே அமர்ந்து இருவரும் சாப்பிடுவது வழக்கமாயிற்று. அவள் அவரை ‘அண்ணா’ என்று அழைக்கத் தொடங்கினாள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நினைவு உளவியல் பற்றிய பாடநூல் ஒன்று வந்தது. எழுதியவர் அத்துறையில் பெரிய ஆய்வாளர். ஆனால் எழுவாயும் பயனிலையும் அவர் வாக்கியங்களில் ஒன்றையொன்று முகம் பார்க்காத பங்காளிகளைப்போல் நின்றன. மூன்றாம் இயலின் முதல் வாக்கியத்தோடு அவள் ஒரு முற்பகல் முழுவதும் மல்லுக்கட்டினாள்:

‘மனிதர்கள் ஒவ்வொருவரும் தனது நினைவுகளை மீள எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு சமயத்திலும் அது முன்னிருந்தது போலவே வைக்கப்படாமல் அவரால் மாற்றம் செய்யப்பட்டு வைக்கப்படுகின்றது என்பது ஆய்வுகளால் கண்டறியப்பட்டுள்ளதாகும்.’

மதியம் டப்பாவைத் திறந்தபடியே பைண்டர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு செவப்பு? யாரையோ வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு."

"பாருங்கண்ணா. ‘மனிதர்கள்’னு ஆரம்பிச்சு ‘தனது’ங்கறார். ‘நினைவுகள்’னு சொல்லிட்டு ‘அது’ங்கறார். வைக்கப்படாமல், செய்யப்பட்டு, வைக்கப்படுகின்றது... எல்லாம் யாரோ எங்கயோ செஞ்ச மாதிரி. இப்படி யார் பேசுவா? கடைசியில ‘உள்ளதாகும்’னு ஒரு வாலு வேற."

"வெட்டிட்டீங்களா?"

அவள் தன் வாக்கியத்தைப் படித்துக் காட்டினாள். ‘நினைவு ஒன்றை எடுத்துப் பார்க்கும் எவரும், எடுத்தபடியே அதைத் திருப்பி வைப்பதில்லை, சிறிது மாற்றித்தான் வைக்கிறார்.’

பைண்டர் மெல்லுவதை நிறுத்தினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ‘மாற்றித்தான் வைக்கிறார்’னா வேணும்னே செய்யற மாதிரி இருக்கு. திருட்டு வேலை மாதிரி. வைக்கிறவனுக்கே அது தெரியாதுல்ல?"

அவள் உடனே பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தாள். "அதுதாம்மா விஷயமே. அத எழுத விட்டுட்டேன்" என்றார் அவர். அவள் ‘தமக்கே தெரியாமல்’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்து, பக்கத்தின் அடியில் தன் குறியைப் போட்டாள்.

"டீச்சரம்மா," என்றார் பைண்டர், டப்பாவை மூடிக்கொண்டே. "கோர்ட்ல திருத்தின பக்கமெல்லாம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"ஒரு வரிகூட இல்லண்ணா. நாளைக்கு நாப்பது பக்கம். எவளாவது ஞாபகம் இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க, பொய் சொல்றான்னு அர்த்தம்."

"அது சரி" என்றார் அவர். டப்பாவில் பாதி உணவு மீந்திருந்ததை அவள் அன்று கவனித்தாள். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து அவர் தம் மனுவைக் கொண்டுவந்தார். வக்கீல் எழுத்து பிழை மலிந்திருக்கிறது, ஒருமுறை பார்த்துக்கொடுங்கள் என்றார். பதினோரு பக்கம். அவள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். மூன்றாம் பக்கத்தில் பழைய தீர்ப்பிலிருந்து ஒரு வரி எடுத்தாளப்பட்டிருந்தது: ‘தையற்காரப் பெண்ணின் கூற்று தெளிவாகவும் கோவையாகவும் இருந்தது, எவ்விடத்திலும் அவர் தடுமாறவில்லை.’ அதற்குக் கீழே, சாட்சியிடம் வாக்குமூலம் எடுத்த நாளும் அதைப் பதிந்த நீதிமன்றமும் குறிக்கப்பட்டிருந்தன.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அது அவள் வேலைபார்த்த நீதிமன்றம். அந்த நாளில் அவள் அங்கேதான் இருந்தாள்.

நகல் பிரிவின் வேலைமுறை இது. சாட்சி வாயால் சொன்னதைச் சொன்னபடியே ஒருவர் கையால் எழுதுவார். அந்தத் தாள் அவள் மேசைக்கு வரும். திக்கலும் திணறலும், சொன்னதையே திரும்பச் சொல்வதும், ‘மாதிரி’ ‘போலிருக்கு’ ‘நெனைக்கிறேன்’ என்ற இழுவைகளும் அதில் நிறைந்திருக்கும். அவற்றைக் களைந்து, வாக்கியங்களுக்குக் காலும் தலையும் வைத்து, படித்தால் விளங்கும்படி ஒரு சுத்தப் பிரதி எழுதுவது அவள் வேலை. தட்டச்சு முடிந்ததும் சரிபார்த்துக் குறி போடுவாள். சாட்சி கையெழுத்திட்டதும் முதல் தாளைக் கிழித்துவிடுவார்கள். வழக்கு விசாரணைக்கு வர ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். அப்போது நீதிமன்ற வராந்தாவில் உட்கார வைத்துச் சாட்சியிடம் சுத்தப் பிரதியைப் படிக்கக் கொடுப்பார்கள். தான் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்வதற்காக.

அவள் வீட்டில் பழைய நாட்குறிப்புகளை வீசியெறியாமல் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் திருத்திய பக்கங்களின் எண்ணிக்கையை எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு. அன்று மாலை பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள். அவள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: ‘கிடங்குத் தீ. தையற்காரப் பெண். நான்கு பக்கம். மிகவும் குழப்பமான பேச்சு. சீராக்க இரண்டு மணி நேரம்.’

மிகவும் குழப்பமான பேச்சு. அதன் உள்ளே என்ன இருந்தது என்பது மட்டும் நினைவில்லை.

மனுவைத் தாக்கல் செய்ய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவள் ஒரு வாக்குமூலம் எழுத உட்கார்ந்தாள். முதல் மாலை, ‘எனக்கு நினைவில்லை’ என்பதற்குமேல் பேனா நகரவில்லை. இரண்டாம் மாலை, சட்டை நீலமா கறுப்பா என்பதில் அந்தப் பெண்ணுக்கு ஐயம் இருந்ததுபோல் தோன்றியது. மூன்றாம் மாலை, ‘முகத்தைப் பார்க்கல, நடைய வெச்சுச் சொல்றேன்’ என்ற வரி கண்முன் வந்தது. நான்காம் மாலை அந்தப் பெண்ணின் குரலே காதில் கேட்டது, கரகரப்பாக, இடையிடையே இருமிக்கொண்டு. அந்தப் பெண்ணை அவள் பார்த்ததே இல்லை. அவள் மேசைக்கு வந்தவை தாள்கள் மட்டும்தான்.

எழுதியதைத் திரும்பப் படித்தாள். ஒவ்வொரு மாலையும் வாக்கியங்கள் மேலும் தெளிவாகவும் கோவையாகவும் ஆகியிருந்தன. எவ்விடத்திலும் தடுமாற்றம் இல்லை. அவள் அந்தத் தாள்களைக் கிழித்தாள்.

ஆனாலும் ஒன்றை அவள் சத்தியம் செய்தே சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் என்ன சொன்னார் என்று தெரியாவிட்டாலும், அந்தப் பேச்சு குழப்பமாக இருந்தது என்பதற்கு நாட்குறிப்பு இருந்தது. குழப்பத்தை நீக்கியது தன் கை என்பதும் அவளுக்குத் தெரியும். ஐந்து வரி போதும். யோசனை கேட்க, ஓய்வுபெற்றிருந்த பழைய பிரிவுத் தலைவருக்குத் தொலைபேசினாள்.

"எதுக்கும்மா ஆறின சாம்பலக் கிளறுற?" என்றார் அவர். "நாம என்ன பொய்யா எழுதினோம்? பாஷையச் சரி பண்ணோம், அவ்வளவுதானே. நீ ஒண்ணுக்கு வாயத் தொறந்தா, உன் குறி இருக்கிற அத்தனை கேஸையும் தொறப்பாங்க. பதினாலு வருஷம் வேலை பாத்திருக்க. எத்தனை பேர்னு கணக்குப் போட்டியா?"

அவள் கணக்குப் போட்டாள். நாளைக்கு நாற்பது பக்கம், பதினான்கு ஆண்டு. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் நின்ற முகம் தெரியாதவர்களின் கூட்டத்தை நினைத்தபோது பேனாவை மூடி வைத்தாள். நாளை எழுதலாம் என்று தள்ளினாள். மறுநாளும் அப்படியே. மனுவின் பதினோரு பக்கங்களையும் ஒரு பிழைகூட இல்லாமல் திருத்தினாள். குறி மட்டும் போடவில்லை. பைண்டர் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியையும் புரட்டிப் பார்த்தார்.

"குறி போடலியே?"

"இது... அச்சுக்குப் போறதில்லையே அண்ணா."

"ஓ, ஆமால்ல" என்றார். கதவுவரை போய்த் திரும்பினார். "வேற ஏதாவது சொல்லணுமா டீச்சரம்மா, இதுல?"

"ஒண்ணுமில்லண்ணா. எல்லாம் சரியா இருக்கு."

மனு ஏப்ரல் கடைசியில் தள்ளுபடியானது. புதிய ஆதாரம் எதுவும் இல்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். மறுநாள் அவர் வழக்கம்போல் டப்பாவோடு மாடிக்கு வந்தார்.

"தள்ளிட்டாங்க" என்றார். "ஆனா இவ்வளவு சுத்தமான மனுவ அந்த ஜட்ஜ் அய்யா வாழ்க்கையில பாத்திருக்க மாட்டார்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவர் தம் டப்பாவை முழுவதும் காலி செய்துவிட்டுக் கீழே போனார். அந்த வாரம் நினைவு நூலின் ஆயிரம் படிகளையும் அவரே கட்டி முடித்தார்.

குளிர்காலத்தில் அவருக்கு இருமல் தொடங்கியது. பிப்ரவரியில் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவள் பார்க்கப் போன அன்று அந்த வார்டில் மற்ற கட்டில்கள் காலியாக இருந்தன. நாற்பது நிமிடம் அருகில் உட்கார்ந்திருந்தாள். குறுக்கே யாரும் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல அதைவிடத் தோதான இடம் வாய்க்காது. அவள் அச்சகத்துப் புதிய இயந்திரத்தைப் பற்றிப் பேசினாள். எழுத்துரு மாறியதைப் பற்றிப் பேசினாள். அவர் மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஞாபகப் புத்தகம், ரெண்டாம் பதிப்பு வருதாமே" என்றார் கடைசியில். "அந்த ரெண்டு வார்த்தைய எடுத்துடாமப் பாத்துக்குங்க."

"எடுக்க மாட்டேண்ணா."

"எடுத்துட்டா, பாவம், திருட்டு வேலை மாதிரி ஆயிடும்."

மருத்துவமனையில் சேர்த்த பதினோராம் நாள் அவர் இறந்தார். மகள் வந்திருந்ததாகச் சொன்னார்கள், எல்லாம் முடிந்த பிறகு.

இரண்டு வாரம் கழித்து அந்த மகள் அச்சக மாடிப்படி ஏறி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். அப்பாவின் அகன்ற நெற்றி. கையில் துணி அட்டையிட்டு நேர்த்தியாகக் கட்டிய ஒரு மெல்லிய தொகுதி.

"டீச்சரம்மாங்கறது...?"

"நான்தாம்மா. உக்காரு."

"அப்பாவோட பெட்டியில இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்கதான் அவர்கூடத் தினமும் சாப்பிடுவீங்கன்னு கீழ சொன்னாங்க."

அவள் வாங்கிப் பிரித்தாள். தையற்காரப் பெண்ணின் வாக்குமூலத்தின் நகல், நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் இடப்பக்க அடியிலும் இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. சிறையில் எட்டு ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படித்ததில் அந்த மூலை விரல் பட்டுக் கறுத்திருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. கெட்டுப்போன மெய்ப்புத்தாளிலிருந்து நறுக்கியது. அதிலும் அதே குறி. அதன் கீழே அவர் கையெழுத்து: ஜூன் 9, திங்கள், காலை 10.15.

முதல் நாள். முதல் சந்திப்பு. அதன் பின் இருபது மாதம் அவர் எதிரே அமர்ந்து சாப்பிட்டார்.

"இதுல என்ன இருக்கு?" என்றாள் மகள். "அப்பா செஞ்சாரா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அவள். "ஆனா இந்தப் பொண்ணு இப்படிச் சொல்லல. அது தெரியும். தட்டுத் தடுமாறித்தான் சொன்னாங்க. இதுல இருக்கிற வாக்கியம் ஒவ்வொண்ணும் நான் எழுதினது. எழுதிக் கொடுத்தத அவங்க படிச்சு, அதையே பாத்ததா நம்பிட்டாங்க."

மகள் அந்தக் குறியின்மேல் விரலை வைத்தாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மனு போடறதுக்கு மூணு வாரம் முன்னாடி."

"கோர்ட்டுக்கு வேணாம். எங்கிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாமே." மகள் குரலை உயர்த்தவில்லை. "நான் கதவத் திறந்திருப்பேன்."

மகள் எழுந்து போனாள். தொகுதியை எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி ஏடு மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது. அது ஒரு முத்திரைத் தாள். ‘நகல் பிரிவில் பணியாற்றிய நான்’ என்ற தொடக்கம் மட்டும் தட்டச்சு செய்யப்பட்டு, மீதி அவளுக்காக வெறுமையாக விடப்பட்டிருந்தது. மூலையில் அதை வாங்கிய நாள், ஜூன் பத்து. மதியம்தோறும் அதை அவர் கீழ்க்கூடத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருக்கிறார். ஒருநாள்கூட அதை அவள் மேசைமேல் வைக்கவில்லை.